நோட்டீஸின் கடைசி வரி

பத்து மாத்திரை கேட்டவருக்கு எட்டு வெட்டிக் கொடுத்துவிட்டேன்.

"இன்னா பாய், ரெண்டு கொறையுதே" என்றார் ஏகாம்பரம். சாலவாக்கத்தில் நெல் போடுகிறவர். பத்து நாளைக்கு ஒரு தடவை சர்க்கரை மாத்திரை வாங்க உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருக்கும் என் மெடிக்கலுக்குத்தான் வருவார்.

முப்பத்தொரு வருடத்தில் என் கத்தரிக்கோல் எண்ணிக்கை தவறியதில்லை. சிரித்துச் சமாளித்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரம்.

"வேர்த்து ஊத்துது பாய் உனுக்கு. சுகரு எறங்கிகீது."

"காலைலேர்ந்து தண்ணி குடிக்கல, அதான்" என்றேன். மருந்துக்கடைக்காரனுக்கே வைத்தியமா என்று உள்ளுக்குள் ஓர் இளப்பம் வேறு.

அவர் விடவில்லை. மேஜை மேலிருந்த சுகர் மெஷினை என் பக்கம் தள்ளினார். அதை அவருக்குப் பழக்கிவிட்டதே நான்தான்.

விரலில் குத்திப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு.

ஏகாம்பரம் சுவரைக் காட்டினார். ரம்ஜான் மாதச் சர்க்கரை நோயாளிகளுக்காக நானே எழுதி, நானே ஜெராக்ஸ் போட்டு ஒட்டிய நோட்டீஸ். 'எழுபதுக்குக் கீழே போனால் உடனே நோன்பை விட்டுவிடவும்.' சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு. ஊரில் வாட்ஸப் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அனுப்பியாயிற்று. பள்ளிவாசல் ஹஜ்ரத்தே பாராட்டினார்.

அதற்கு மேல் வரியைப் படித்தேன். 'காலையில் போடும் முழு மாத்திரையை நோன்பு திறந்ததும் போடவும். இரவில் போடும் பாதியை, விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு.'

இன்று சஹரில் நான் விழுங்கியது முழு மாத்திரை.

தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் இல்லை. நோட்டீஸுக்கு வந்த பாராட்டுகளை என் மனைவி குல்சுமுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கை அதன்பாட்டுக்குப் பழைய பழக்கத்தில் காலை டப்பாவைத் திறந்துவிட்டது.

குளுக்கோஸ் பாக்கெட்டைக் கிழித்தேன். கிழித்தவன் அப்படியே நின்றேன்.

அந்த டப்பாவிலிருந்து நான் எடுத்தது இரண்டு. ஒன்று எனக்கு. இன்னொன்றைக் குல்சுமின் உள்ளங்கையில் வைத்தேன். அவளுக்கும் இதே சர்க்கரை, இதே மாத்திரை. வீட்டில் தனியாக இருக்கிறாள். தலை சுற்றினாலும் நோன்பை விடுகிறவள் இல்லை.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை.

ஏகாம்பரம் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். "மொதல்ல அத்த வாய்ல கொட்டு பாய். அப்பால வூட்டுக்குப் போலாம். நீயும் வுழுந்துட்டா ரெண்டு பேர நான் எப்டித் தூக்கறது?"

கொட்டிக்கொண்டேன். நாற்பது வருடமாக ஒன்றுகூட விடாத நோன்பு, ஒரு நிமிடத்தில் இனித்தது.

மூன்றாவது தடவை எடுத்தாள்.

"சமோசா மடிச்சிக்கினு கீறேன், கையெல்லாம் மாவு. இன்னா அவசரம்?"

"காலைல நான் குடுத்த மாத்திர..."

"பாதியா ஒடச்சித்தான் போட்டேன். பிரிட்ஜுல ஒட்டிகீற நோட்டீசுல பாதின்னுதான போட்டுகீது?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நான் முழுசு முழுங்கனத பாத்தியே. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீங்க மெடிக்கல்காரரு. உங்களுக்கு வேற கணக்கு இருக்கும்னு உட்டுட்டேன்."

ஏகாம்பரத்துக்குக் குறைந்த இரண்டையும் வெட்டிக் கொடுத்தேன். இந்த முறை பத்தையும் விரல் வைத்து எண்ணிப் பார்த்துத்தான் பையில் போட்டார்.

நோட்டீஸின் கடைசி வரி இன்னும் மிச்சமிருந்தது. 'மாத்திரையில் சந்தேகம் இருந்தால் கடைக்காரரைக் கேட்கவும்.'

நல்ல வேளை, குல்சும் கேட்கவில்லை.