கோவர்த்தனனின் டம்ளர்

சித்தூரின் அந்தப் பழைய பாரில் கவிதை வாசித்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அலமாரியில் தனி டம்ளர் உண்டு. வெளிநாடு போனவரின் டம்ளர் நிமிர்ந்தே இருக்கும், இறந்துபோனால் கவிழ்த்துவிடுவார்கள். கவிஞர் கோவர்த்தனன் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போயிருந்தார். தொண்ணூற்றாறில் ஒரு மதியம், அவர் டம்ளர் கவிழ்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு மனைவி யசோதா ஓடி வந்தாள்.

"யாருண்ணா கவுத்தது? நேத்துகூட போன்ல சிரிச்சிக்கினு பேசினாரே!"

"யாரும் தொடலம்மா," என்றார் சப்ளையர் ரமணா. "நிமித்தி வச்சாலும் அதுவே கவுந்துக்குது."

"டம்ளருக்கும் போதை ஏறிடுச்சா?"

ரமணா சிரிக்கவில்லை.

யசோதா டம்ளரை எடுத்து நிமிர்த்தி, இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அது அவளுடைய மணிக்கட்டுகளையும் சேர்த்து மெதுவாகத் திருப்பத் தொடங்கியது.