எலிப்பொடிக்காரன்

“வரட்டும், அவன் வாயை இன்னைக்கு நான் பார்த்துக்கறேன்” என்று கறுவினாள் பல் டாக்டர். முன்னறையில் காத்திருந்த கடைசி நோயாளி தன்னைத்தான் சொல்கிறாள் என்று மிரண்டு, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நழுவப் பார்த்தார்.

“உங்களை இல்ல சார், உட்காருங்க” என்று அவரை அமர்த்தினார் டாக்டரின் கணவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கிளினிக்கின் வரவேற்பு மேசை அவர் பொறுப்பு. “அவ எலிப்பொடிக்காரனைச் சொல்றா.”

அந்த எலிப்பொடிக்காரன் யாரென்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவன் அனுப்பும் விளம்பரங்களைத்தான் தெரியும்.

இரண்டே இரண்டு கேசட்டுகள் வெளியிட்டுவிட்டுக் காணாமல் போன ஒரு பாடகருக்காக, டாக்டர் இளவயதில் தொடங்கியது அந்த மின்னஞ்சல் குழு. ஒருவர் எழுதினால் எல்லா ரசிகர்களுக்கும் போகும். பாடகர் ஒரு பாட்டில் எந்த இடத்தில் மூச்சு விடுகிறார் என்று வாரக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்ட காலமெல்லாம் உண்டு.

பிறகு விளம்பரங்கள் புகுந்தன. வழுக்கைக்குத் தைலம், தொப்பைக்கு பெல்ட், மூலத்துக்குக் களிம்பு, குடல் புழுவுக்குக் கஷாயம், அதுவும் புழுவின் படத்தோடு. சாக்கடையைத் திறந்துவிட்டது போல் ஆயிற்று. ரசிகர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

காலையில் எழுந்ததும் அந்தக் குப்பையை அள்ளிக் கொட்டுவதுதான் டாக்டரின் முதல் வேலை. ஊரார் சொத்தைப் பல்லையெல்லாம் குடைந்து அழுக்கெடுப்பவள். அதில்கூட அவளுக்கு இப்படிக் குமட்டியதில்லை.

மற்ற விளம்பரக்காரர்கள் விரட்டினால் போனார்கள். எலிப்பொடிக்காரன் மட்டும் ஒரு பெயரில் தடுத்தால் இன்னொரு பெயரில் வந்தான். மல்லாந்து கிடக்கும் செத்த எலி, கீழே ‘வீடே சுத்தம்!’ என்று கொட்டை எழுத்து. பொறுக்க மாட்டாமல் அவள் பக்கம் பக்கமாகத் திட்டி எழுதுவாள். இது யாருடைய குரலுக்காக உண்டான இடம், அந்தக் குரல் எப்பேர்ப்பட்டது என்றெல்லாம் புத்தியில் உறைக்கிற மாதிரி எழுதுவாள். மறுநாளே அடுத்த எலி வந்து விழும்.

“இதுல விலையும் இல்ல, போன் நம்பரும் இல்ல. எவன் எப்படி வாங்குவான்?” என்று ஒருநாள் கேட்டார் கணவர்.

“விக்கக்கூடத் தெரியாத மடையன். அவனுக்கு நீங்க வக்காலத்தா?”

“அதுக்கில்லடி, மூடித் தொலையேன். நீயும் எலியும்தானே மிச்சம்?”

அந்தப் பேச்சு அவளைச் சுட்டுவிட்டது. போன வாரம் எழுதினாள்: ‘சனிக்கிழமையோடு குழுவை மூடுகிறேன். ரோஷம் இருந்தால் அன்றைக்கு நேரில் வந்து முகத்தைக் காட்டு.’ கீழே கிளினிக் முகவரி. ஒரே வார்த்தையில் பதில் வந்தது: ‘வருகிறேன்.’

கடைசி நோயாளி போனதும் கதவு திறந்தது. சாயம் போன சட்டை, கழுத்தைச் சுற்றி மப்ளர், குழி விழுந்த கன்னங்கள். “எலிப்பொடி... நான்தாம்மா” என்றார் வந்தவர். தகரத்தை உரசுவது போன்ற குரல்.

வா, போ என்று பேசத்தான் அவள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். வயதைப் பார்த்ததும் நாக்கு தானாக மரியாதைக்குத் திரும்பிவிட்டது. அருவருப்பு என்னவோ இம்மியும் குறையவில்லை. அவர் தொட்ட கதவுப்பிடியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும் என்று தோன்றியது.

“வெட்கமா இல்ல உங்களுக்கு? ஒரு மனுஷன் உயிரைக் கொடுத்துப் பாடியிருக்கார். அவர் பேருல இருக்கிற இடத்துல செத்த எலியைக் கொண்டாந்து போடுறீங்களே!”

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார். “மேல சொல்லுங்கம்மா.”

என்ன திமிர்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னத்தைச் சொல்ல? பரீட்சையில கோட்டை விட்டுட்டு, படிப்பே வேணாம்னு பெட்டியைக் கட்டினவ நான். விடுதியில பக்கத்துக் கட்டில்காரி அவர் கேசட்டைப் போட்டா. ரெண்டாவது பாட்டுல நடுவுல குரல் உடையும். அதை அழிச்சுட்டுத் திரும்பப் பாடியிருக்கலாம். அவர் பாடல. உடைஞ்ச குரலோடவே மேல போனார். நானும் அப்படியே போகலாமேன்னு பெட்டியைப் பிரிச்சேன். அந்தக் குரலோட அருமை உங்களுக்கு எங்க தெரியப் போகுது!”

மூடிய கண்களோடு அவர் தலை மெல்ல ஆடியது. உதட்டோரம் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. வரவேற்பு மேசையிலிருந்து எழுந்து வந்த கணவர் கதவோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிரிப்பு வேறயா? லாட்டரிக்காரன், தைலக்காரன், நான்தான் அந்தப் பாடகர்னு புளுகினவன், எல்லாரையும் ஒரே தட்டுல வெளிய தள்ளினவ நான். உங்களைத்தான் முடியல. ஒரு பொட்டலமாவது வித்திருக்கீங்களா?”

“இல்லம்மா. எங்கிட்ட எலிப்பொடியே கிடையாது.”

“அப்புறம் எதுக்குய்யா இந்தக் கேவலம்?”

அவர் கண்களைத் திறந்தார்.

“நீங்க திட்டுறப்பதாம்மா, என் பாட்டைப் பத்தி ஒருத்தர் பேசுறாங்க.”