அக்காவோடு ஒரு போட்டி

பழுதுபார்க்கும் கடையில், பழைய வீடியோ கேம் கன்ட்ரோலரிலிருந்து ஒயர்களை வெளியே இழுத்து, ஒரு சின்னப் பெட்டியில் பற்றவைத்துக்கொண்டிருந்தான் மெக்கானிக்.

“எதுக்குடா இது?” என்றார் முதலாளி.

“அக்காகூட விளையாடத்தான் சார். பெட்டியில பெரிய சுவிட்சை மாட்டிட்டா, லேசா தட்டினாலே போதும். சின்ன வயசுல அவகிட்ட ஒரு தடவகூட நான் ஜெயிச்சதில்ல.”

“அதுக்குக் கூடப்பிறந்தவளையே ஏமாத்தப் போறியா? நல்ல தம்பிடா!”

மறுநாள் அவன் வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தான்.

“சார், மூணு ஆட்டத்துலயும் தோத்துட்டேன்!”

“அப்போ உன் பெட்டி வேலை செய்யலையா?”

“பிரமாதமா செஞ்சுது சார். விபத்துக்கப்புறம் அக்காவுக்கு ரெண்டு கையும் அசையாது. நாலு வருஷம் கழிச்சு நேத்துதான் மறுபடி விளையாடினா; கால் கட்டைவிரலால அந்த சுவிட்சைத் தட்டியே என்னைத் துவைச்சுக் காயப்போட்டுட்டா. இன்னிக்கும் வரச் சொல்லியிருக்கா!”