கேட்டில் தொங்கும் கஞ்சி

அப்பா உயிரோடு இருக்கிறார் என்று மகன் தெரிந்துகொள்ள, இந்தக் கொரோனாக் காலத்து ஜகார்த்தாவில் ஒன்பதாயிரம் ரூபியா ஆகிறது. ஊரடங்கில் சுரபாயா நகரத்தில் மாட்டிக்கொண்ட மகன் தினமும் அப்பாவுக்குக் கோழிக்கஞ்சி அனுப்ப, டெலிவரி கம்பெனி வாங்கும் கூலி அது. மத்தியான வெயிலில் கம்பெனியின் பச்சைச் சட்டைக்காரன் சுகெங் பொட்டலத்தைக் கிழவர் வீட்டுக் கேட்டில் மாட்டி, 'கொடுத்தாச்சு' என்று கைப்பேசியில் அழுத்திவிட்டுக் கூவுகிறான். "ஐயா! ஆறிப்போச்சுன்னு அப்புறம் என்னைத் திட்டாதீங்க!" வழக்கமான வசவு வரக் காணோம். அடுத்த கம்பியில் நேற்று இவனே மாட்டிய பொட்டலம், எறும்பு மொய்க்கத் தொங்குகிறது. கைப்பேசி துள்ளுகிறது. பைக்கில் ஆள் ஏற்றும் தொழில் படுத்துவிட்டாலும் சாப்பாட்டு வருமானம் இரட்டிப்பாம்; கம்பெனி திரையெல்லாம் பூத்தூவி வாழ்த்துகிறது. அந்தப் பூக்களின் மேலேயே மகனின் அழைப்பு. "அண்ணே, அப்பா போனே எடுக்கல. கஞ்சிய வாங்கிக்கிட்டாரா?" சாத்திக் கிடக்கும் வீட்டுக் கதவைப் பார்த்தபடி சுகெங் கேட்டை உலுக்குகிறான். கம்பெனிக் கணக்கில் நேற்று ஒன்று, இன்று ஒன்று, இரண்டும் கொடுத்தாயிற்று. கேட்டின் கணக்கில் இரண்டுமே பாக்கி.