குக்கருக்கு அடியில் ஒரு பருக்கை

“பிழ ஒங்கள்ல இல்ல, ஸுலைஹா. குக்கர்லதான்.”

மக்கீன் ரைஸ் குக்கரின் உள்பானையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே பார்க்கச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார்.

ஸுலைஹா குசினி வாசலிலேயே நின்றாள்.

ஒரு கிழமையாக அந்த வீட்டில் சோறு அரைவேக்காடாகத்தான் இறங்கியது. தண்ணீர் அளந்து ஊற்றினாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. முப்பத்தாறு வருடமாகக் கைக்குத் தெரிந்த அளவு அது.

செவ்வாய்க்கிழமை மகன் றிஸ்வி, பல்லில் கடிபட்ட சோற்றை மென்று விழுங்கினான். அன்று பின்னேரமே கண்டியில் ஒரு டொக்டரிடம் நம்பர் எடுத்துவிட்டான். வருகிற திங்கட்கிழமைக்கு.

எதற்கான டொக்டர் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு மூத்தவள் ரபீகா ராத்தா, பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டுவிட்டுக் கண்மூடி மௌத்தானவள். அந்த மறதியும் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டதில்தான் தொடங்கியது.

மக்கீனுக்கு மடவளையில் துணிக்கடை. இந்த வயது வரை தன் கையால் ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்தவரில்லை. இன்று ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த கையோடு சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு குசினிக்குள் நுழைந்துவிட்டார்.

நேற்று கட்டுகஸ்தோட்டையில் மின்சாமான் திருத்துகிறவரிடம் நின்று கேட்டு வந்ததாகச் சொன்னார். சூட்டுத் தட்டின் நடுவில் வட்டமாக நிற்கிறதே, அதற்குக் கீழே ஒரு ஸ்பிரிங். பானையின் சூட்டைப் பார்ப்பது அதுதான். தண்ணீர் வற்றிச் சூடு ஏறியதும் சுவிட்சைத் தட்டிவிடும். பானைக்கும் தட்டுக்கும் இடையில் ஒரு பருக்கை மாட்டினால் போதும், பானை சரியாக உட்காராது. தட்டு மட்டும் கொதித்து, சோறு வேகுமுன்பே சுவிட்ச் எழும்பிவிடும்.

“இந்தா, ஒரு கிழமையா இதுதான் கெடந்திருக்கு.”

விரல் நுனியால் ஒற்றி எடுத்த பருக்கையை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

ஸுலைஹா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். கதிரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு சிரிப்பும் வந்தது.

மக்கீன் ஈரத் துணியைப் பிழிந்து தட்டைத் துடைத்தார். பானையின் அடியையும் துடைத்தார். டொக்டர் நம்பரை வெட்டிவிடும்படி மகனிடம் சொல்லிவிடுகிறேன் என்றார்.

பருக்கையை எறிந்துவிட எழுந்தவள், அதை இரு விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

மெத்தென்று நசுங்கியது. வெள்ளையாக இருந்தது.

ஒரு கிழமை அந்தத் தட்டில் கிடந்திருந்தால் கருகிக் கரியாகியிருக்கும்.

ஸுலைஹா நிமிர்ந்து பார்த்தாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். கடை மனுஷன். பஸ் பிடித்துப் போய், யாரோ ஒருவரிடம் ஸ்பிரிங் வரைக்கும் கேட்டுப் படித்து வந்திருக்கிறார்.

நெஞ்சு நிறைந்துபோயிற்று. இந்த மனுஷனைத் தந்தவனுக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள்.

“நம்பர வெட்ட வேணாம்” என்றாள். “திங்கக்கிழம போவம். நீங்க கூட வாறதெண்டா எனக்குப் பயமில்ல.”

மக்கீன் திரும்பவில்லை. துணி பிடித்த கை மட்டும் நின்றது.