உறையாத குழாய்

கணையப் புற்றுநோய் யாருக்கெல்லாம் வரக்கூடும் என்று ஆராய்வதுதான் அவள் வேலை. புகை பிடிப்பதுண்டா, சர்க்கரை உண்டா, வீட்டில் யாருக்காவது வந்திருக்கிறதா என்று எமனையே உட்காரவைத்துக் கேட்டுவிடுவாள். ரத்தம் வாங்கிச் சின்னக் குழாய்களில் அடைத்து ஃப்ரீசரில் அடுக்குவாள். அவள் அப்பாவும் திடமாக இருந்த காலத்தில் ரத்தம் கொடுத்தவர்தான். பிறகு அதே நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அவருடைய குழாய் மட்டும் உறையவேயில்லை. மற்றவை கல்லாகக் கிடக்க, அது வெதுவெதுப்பாக இருந்தது. மெக்கானிக் வந்து பார்த்து, “மெஷின்ல ஒரு குறையும் இல்லம்மா” என்று போய்விட்டார்.

“ஊர்ல ஒருத்தரை விடல. உங்க கையை எப்பக்கா நீட்டப் போறீங்க?” என்பாள் நர்ஸ்.

“அடுத்த வாரம் பாக்கலாம்மா.”

ஒரு காலையில் அப்பாவின் குழாய் காய்ச்சல்காரர் நெற்றிபோலச் சுட்டது.

“சரிப்பா, போறேன்!” என்று நேராக நர்ஸிடம் போய்க் கையை நீட்டினாள்.

சின்ன வயதில் ஊசி குத்திய இடத்தை அப்பாதான் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பார். இப்போது பஞ்சை அவளே அழுத்திக்கொண்டாள். அவளுடைய குழாய் அப்பாவுடையதற்குப் பக்கத்தில் போனது.

ஸ்கேனும் எடுத்துப் பார்த்த டாக்டர், “ஒண்ணும் இல்ல. ஆனா வருஷா வருஷம் வரணும், டிமிக்கி குடுக்கக் கூடாது” என்றார்.

திரும்பி வந்து ஃப்ரீசரைத் திறந்தாள். அப்பாவின் குழாய் மற்றவற்றைப் போலவே வெள்ளையாகப் பனி படிந்து உறைந்திருந்தது. அவளுடையதும் உறைந்திருந்தது. அதன்மேல் படிந்த பனியில் மட்டும் ஒரு கட்டைவிரல் தடம். தன் விரலை வைத்துப் பார்த்தாள். தடம் பெரிதாக இருந்தது. ஈரம் இன்னும் உறையவில்லை.