புகைபோக்கி முனி

“சாமி சாப்பிடுற நேரம்! உள்ள காலை வச்சே, கால் இருக்காது!” பழைய பவர் ஹவுஸ் வாசலில் விறகுக்கட்டையோடு குறுக்கே நின்றாள் இராஜம்மா.

கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் பக்கிரிசாமி காறித் துப்பினான். பின்னால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வீடுகளின் சனமே திரண்டு நின்று அவனை முறைத்தது. பவர் ஹவுஸ் புகைபோக்கி சாய்ந்தால் தங்கள் கூரையெல்லாம் போய்விடும் என்ற ஆத்திரம் அவர்களுக்கு.

அவனுக்கு வேறு பயம். ‘சாயங்காலத்துக்குள் இதை வெடி வைத்துத் தகர்க்காவிட்டால் சயாம் ரயில்பாதைப் பட்டியலில் உன் பெயர்’ என்று ஜப்பான் அதிகாரி காலையிலேயே சொல்லிவிட்டான். சயாம் போனவர்களில் ஒருவன்கூட இன்னும் திரும்பவில்லை. இப்போது அதிகாரி காருக்குள் இருந்தபடியே கடிகாரத்தைப் பார்த்தான்.

“ஆறு வருஷமா அணைஞ்சு கிடக்கிற அடுப்புக்குள்ள என்னடி சாமி?”

“முனி! ஆள் பிடிக்க சயாம் லோரி வந்தன்னைக்கு ஓடிப்போன என் புருஷன் நல்லபடியா திரும்பணும்னு தினம் படையல் போடுறேன். ஜப்பான்காரன் பூட்ஸ் துடைக்கிற உனக்கு அதெல்லாம் எங்க தெரியும்?”

“நல்லா கேளு லா!” என்று கூட்டத்தில் யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

பக்கிரிசாமி கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே போனான். பாய்லரின் வாயருகே மஞ்சள் பூசிய கல் ஒன்று இருந்தது. அதன் முன்னால் காலையில் வைத்த வாழையிலை. மரவள்ளிக்கிழங்கு ஒரு துண்டுகூட மிச்சமில்லை. இலையின் மேல்பாதி கீழ்ப்பாதி மேல் ஒழுங்காக மடிந்து கிடந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்து நின்றான். பிறகு இலையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, நேரே காரிடம் போனான்.

“அடிச்சுவரெல்லாம் ஒரே ஈரம், துவான். வெடி பிடிக்காது. நாளைக்குத்தான்.”

அதிகாரி இறங்கிப் பளாரென்று அறைந்தான். தொப்பி மண்ணில் உருண்டது. சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து அதில் ஒரு வரி எழுதிக்கொண்டு காரைக் கிளப்பினான். என்ன எழுதினான் என்று பக்கிரிசாமி கேட்கவில்லை.

“பாத்தியா, முனி கேட்டுருச்சு! நல்லா வேணும் உனக்கு!” என்றாள் இராஜம்மா.

உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவன் அவளிடம் வந்தான். மடிந்த இலையை அவள் கையில் திணித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“முனி சாப்பிட்டா இலையை மடிக்காது, தங்கச்சி. விடியறதுக்குள்ள அவரை வேற இடத்துக்குக் கொண்டு போயிரு.”